கையேட்டை எதில் எழுதுவது: வேர்டா, கூகுள் டாக்ஸா, மார்க்டவுனா?

கோயம்புத்தூரில் மொபைல் ஸ்டார்ட்டர் செய்யும் சிறிய நிறுவனம் ஒன்றில் கையேடு எழுதுவது என் வேலை. கிணற்று மோட்டாரை வீட்டில் இருந்தபடியே கைப்பேசியால் ஓட்டவும் நிறுத்தவும் உதவும் பெட்டி அது. பெட்டியோடு போகும் கையேடு தமிழில் 40 பக்கம், ஆங்கிலத்தில் ஏறக்குறைய அதே அளவு. தோட்டத்துக்காரர் ஒருமுறை புரட்டுவார். பெட்டியை மாட்ட வரும் எலக்ட்ரீஷியன்தான் அதை உண்மையில் படிப்பவர், அதுவும் மோட்டார் ரூமில் நின்றுகொண்டு.

போன வருடம் டிரை ரன் (தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடுவது) பக்கத்தில் ஒரு தவறு நேர்ந்தது. போர்வெல்லில் தண்ணீர் இறங்கிவிட்டால் மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் (ஆம்ப்ஸ்) குறையும். அதை வைத்துத்தான் பெட்டி மோட்டாரை நிறுத்துகிறது. எந்த அளவுக்குக் கீழே போனால் நிறுத்த வேண்டும் என்பதை, மோட்டார் நன்றாகத் தண்ணீர் ஏற்றும்போது பதிய வேண்டும். புதிய மென்பொருளில் அந்தப் பதியும் வரிசை மாறியிருந்தது. எங்கள் சர்வீஸ் அண்ணன் ஒருவர் கவனித்து வாட்ஸப்பில் சொன்னார். நான் என் கணினியில் இருந்த வேர்டு கோப்பைத் திருத்தினேன். ஆனால் அச்சகத்துக்குப் போனது வேறொருவரின் மின்னஞ்சலில் கிடந்த பழைய பிரதி. அச்சான கட்டு முழுக்கத் தவறான வரிசை. ஒவ்வொரு புத்தகத்திலும் திருத்தத் தாள் ஒட்டித்தான் அனுப்பினோம்.

அதற்குப் பிறகுதான் கருவியை மாற்றுவது பற்றி உட்கார்ந்து யோசித்தோம். இணையத்தில் இருக்கிற ஒப்பீடுகள் பெரும்பாலும் வசதிகளைப் பட்டியல் போடுகின்றன. எனக்கு வேறொரு கேள்வி முக்கியமாகப் பட்டது. தவறை முதலில் பார்க்கிறவருக்கும் கோப்புக்கும் நடுவில் எத்தனை கை இருக்கிறது? எங்கள் விஷயத்தில் தவறைப் பார்க்கிறவர் பல்லடம் பக்கம் ஏதோ ஒரு தோட்டத்தில் பைக்கை நிறுத்திவிட்டு நிற்பவர். கையில் கைப்பேசி மட்டும்தான் இருக்கும். அவரிடமிருந்து அச்சுக்குப் போகும் பக்கம் வரைக்கும் இருக்கிற வழியை வைத்துத்தான் ஒவ்வொரு கருவியையும் பார்த்தேன்.

வேர்டு

வேர்டைக் குறைத்துப் பேசுவது ஒரு வழக்கமாகிவிட்டது. அதில் எனக்கு உடன்பாடில்லை. 1983-இல் வந்த மென்பொருள் இன்றும் அலுவலகங்களில் நிற்கிறது என்றால் காரணம் இருக்கிறது. படங்களுக்குத் தானாக எண் கொடுக்கும். "படம் 7-ஐப் பார்க்கவும்" என்பதை அந்த எண்ணோடு இணைத்து எழுதியிருந்தால், நடுவில் புதிய படம் நுழைந்த பிறகு புதுப்பித்ததும் 7 என்பது 8 ஆக மாறும். டிராக் சேஞ்சஸ் போட்டால் யார் எதை அடித்தார், எதைச் சேர்த்தார் என்பது வண்ணத்தில் தெரியும். டெண்டருக்கு ஆவணம் கொடுக்கும்போது வேர்டு கோப்பாகவே கேட்கிறவர்களும் உண்டு. அங்கே வேறு பேச்சே இல்லை.

ஆனால் வேர்டை வேர்டாகப் பயன்படுத்துபவர்கள் குறைவு. தலைப்பைத் தேர்ந்தெடுத்து போல்டு போட்டு, அளவைக் கூட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். இது தலைப்பு என்று வேர்டுக்குச் சொல்லும் ஸ்டைலைப் போடுவதில்லை. அதனால் பொருளடக்கம் தானாக வராது, கையால் தட்ட வேண்டும். பக்கம் மாறினால் பொருளடக்கம் தவறாகும். இந்த ஒரு பழக்கத்தை மாற்றினாலே பாதிப் பேருக்கு வேறு கருவி தேவைப்படாது என்பது என் கணிப்பு.

தமிழில் எழுதும்போது ஸ்டைலில் ஒரு சிக்கல் வரும். தெரியாவிட்டால் அரை நாள் போய்விடும். வேர்டு, தமிழை 'காம்ப்ளக்ஸ் ஸ்கிரிப்ட்' என்று தனியாக வைத்து, அதற்கென்று எழுத்துருவும் அளவும் வைத்துக்கொள்கிறது. தலைப்பு ஸ்டைலில் ஆங்கிலத்துக்கான அளவை மட்டும் 16 ஆக்கினால் "எஸ்எம்எஸ்" என்பதை ஆங்கில எழுத்தில் எழுதிய இடம் பெரிதாகும், பக்கத்தில் இருக்கும் தமிழ் அப்படியே நிற்கும். இரண்டு இடத்திலும் மாற்ற வேண்டும். லிப்ரே ஆபீஸிலும் இதே கதைதான், அங்கே அதன் பெயர் சிடிஎல். இரண்டு எழுத்துருக்களின் உயரம் ஒத்துப்போகாததால் ஒரே பத்தியில் வரிகள் ஏறி இறங்கித் தெரிவதும் உண்டு. வரி இடைவெளியைக் குறிப்பிட்ட புள்ளி அளவில் நிறுத்திவிட்டால் அது சரியாகிவிடும்.

லிப்ரே ஆபீஸைப் பற்றித் தனியாகச் சொல்ல அதிகம் இல்லை. 2010-இல் ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிந்து வந்தது, இலவசம், நல்ல மென்பொருள். எல்லோரும் அதையே பயன்படுத்தினால் குறை சொல்ல முடியாது. பாதிப் பேர் வேர்டிலும் பாதிப் பேர் இதிலும் திறந்தால் படங்களும் அட்டவணைகளும் இடம் மாறத் தொடங்கும்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. வேர்டின் .docx கோப்பு என்பது உண்மையில் ஒரு ஜிப் கட்டு. ஒரு பிரதி எடுத்து, கோப்பின் பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்தால், உள்ளே மீடியா என்ற அடைவில் எல்லாப் படங்களும் தனித்தனியாக இருக்கும். வயரிங் படத்தின் மூலக் கோப்பு தொலைந்துபோன சமயத்தில் இது என்னைக் காப்பாற்றியது.

சரி, கைகளின் கணக்குக்கு வருவோம். சர்வீஸ் அண்ணன் சொல்கிறார், நான் கேட்கிறேன், என் பிரதியில் திருத்துகிறேன், மின்னஞ்சலில் அனுப்புகிறேன், பெறுகிறவர் அதைத் திறந்து பழையதன் மேல் வைக்க மறக்கிறார். எல்லோருக்கும் மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவில் கணக்கு இருந்து ஒரே கோப்பில் வேலை செய்தால் இந்தப் பிரச்சினை பெருமளவு குறையும். எங்களிடம் இரண்டு பேருக்குத்தான் உரிமம் இருந்தது.

கூகுள் டாக்ஸ்

டிரை ரன் சம்பவத்துக்குப் பிறகு முதலில் போன இடம் இதுதான். கையேட்டை ஏற்றி, சர்வீஸ் பார்க்கும் ஐந்து பேருக்கும் கருத்து மட்டும் போடும் உரிமையோடு இணைப்பை அனுப்பினேன். கைப்பேசியில் கூகுள் விசைப்பலகையின் மைக்கை அழுத்தித் தமிழில் பேசினால் எழுத்தாக விழும். தட்டச்சு தெரியாதவரும் கருத்துப் போடலாம். இரண்டு வாரத்தில் வந்த திருத்தங்களை அதற்கு முந்தைய ஒரு வருடத்தில் நான் பார்த்ததில்லை. "இந்தப் படத்தில் காட்டியிருக்கிற டெர்மினல் வரிசை பழைய பெட்டியுடையது", "சிங்கிள் பேஸ் லைன் வரும்போது விளக்கு எப்படி எரியும் என்று போடவில்லை", "சிம் கார்டைப் பெட்டி அணைந்திருக்கும்போதுதான் மாட்ட வேண்டும், அதை முதல் வரியில் போடுங்கள்". இவையெல்லாம் அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதுகிற எனக்குத் தெரிய வாய்ப்பே இல்லாதவை.

இங்கே நடுவில் இருப்பது ஒரே கை, நான். அவர் சொன்னதை ஏற்கும் பொத்தானை அழுத்தினால் போதும். பிரதிகள் கிடையாது, இறுதி என்றும் புதிய இறுதி என்றும் பெயர் வைக்கத் தேவையில்லை. பழைய நிலைக்குத் திரும்ப வரலாறு இருக்கிறது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரே ஒரு பொருள், ஒரே ஒரு கையேடு என்றால் நான் இன்றும் கூகுள் டாக்ஸையே சொல்வேன். பயிற்சி மையத்தின் பாடக்குறிப்பு, கடையின் பில்லிங் வழிமுறை, ஆடிட்டர் அலுவலகத்தின் வேலைப் பட்டியல் ஆகியவற்றுக்கெல்லாம் இதைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் பாருங்கள்: கோப்பு யாருடைய கணக்கில் இருக்கிறது? வேலை செய்பவரின் சொந்த ஜிமெயிலில் இருந்தால், அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் கையேடும் அவரோடு போய்விடும்.

எங்களுக்கு இடித்தது பதிப்புகள். பழைய பெட்டி தோட்டங்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, புதிய பெட்டியும் போகிறது. இரண்டுக்கும் கையேடு வேண்டும். முக்கால்வாசிப் பக்கங்கள் ஒன்று, கால்வாசி வேறு. கூகுள் டாக்ஸில் இதற்கு ஒரே வழி கோப்பை நகலெடுப்பது. நகலெடுத்த அன்றே மறுபடி இரண்டு பிரதி. எர்த்திங் பற்றிய எச்சரிக்கையை ஒன்றில் திருத்தினால் மற்றதிலும் நினைவாகத் திருத்த வேண்டும். தமிழ், ஆங்கிலம் என்று பெருக்கினால் நான்கு கோப்பு. வேர்டில் பட்ட பாடு வேறு உருவத்தில் திரும்பி வந்தது. அப்புறம், வேர்டு தருவதைப் போலப் படங்களுக்குத் தானாக எண் கொடுத்து, அதைப் பத்திகளோடு இணைக்கும் வசதியும் அதில் இயல்பாக இல்லை.

மார்க்டவுனும் கிட்டும்

மார்க்டவுன் என்பது ஒரு மென்பொருள் அல்ல, எழுதும் முறை. நோட்பேடில்கூட எழுதலாம். வரியின் முன்னால் ஒரு # குறி போட்டால் தலைப்பு, சிறு கோடு போட்டால் பட்டியல், சொல்லின் இருபுறமும் இரண்டு நட்சத்திரம் போட்டால் தடித்த எழுத்து. ஜான் க்ரூபர் 2004-இல் வெளியிட்டார். ஒவ்வொரு கருவியும் அதை ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொண்டதால், 2014-இல் காமன்மார்க் என்ற பெயரில் விதிகளை எழுதி வைத்தார்கள். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் லினக்ஸ் வேலைக்காக எழுதிய கிட் (Git) என்ற மென்பொருள், இந்தக் கோப்புகளின் ஒவ்வொரு மாற்றத்தையும் யார், எப்போது, எதற்காக என்று பதிந்து வைக்கிறது.

நாங்கள் இதற்குப் போனதற்குக் காரணம், பொதுவான பக்கத்தை ஒரே இடத்தில் வைக்க முடிந்ததுதான். எர்த்திங் எச்சரிக்கை ஒரு சிறு கோப்பு. பழைய பெட்டியின் கையேடும் புதிய பெட்டியின் கையேடும் அதை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. மென்பொருளின் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் கையேட்டிலும் அதே எண்ணில் ஒரு அடையாளம் குத்திவிடுகிறோம். இரண்டு வருடம் கழித்து ஒருவர் பெட்டியின் எண்ணைச் சொன்னால், அதோடு போன கையேடு எது என்று தேட வேண்டியதில்லை.

ஒரு பழக்கத்தை முதல் நாளே பிடித்துக்கொள்ளுங்கள்: ஒரு வாக்கியத்துக்கு ஒரு வரி. கிட் வரி வரியாகத்தான் ஒப்பிடும். பத்தி முழுவதையும் ஒரே வரியாக எழுதினால், ஒரு சொல் மாறினாலும் பத்தியே மாறியதாகக் காட்டும். வாக்கியத்துக்கு ஒரு வரி என்றால் எந்த வாக்கியம் மாறியது என்று பளிச்சென்று தெரியும். அச்சில் இந்த வரி முறிவு வராது, அடுத்தடுத்த வரிகளை மார்க்டவுன் ஒரே பத்தியாகச் சேர்த்துவிடும்.

இனி தமிழுக்கே உரிய சிக்கல்கள். இவற்றை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலாவது, கோப்பின் பெயர். தமிழில் பெயர் வைத்தால் கிட் அதை இயல்பாக எண்களும் சாய்கோடுகளுமாகக் காட்டும். ஓர் அமைப்பை மாற்றினால் சரியாகிவிடும். ஆனாலும் பெயரை ஆங்கிலத்தில் வைத்துவிட்டு உள்ளடக்கத்தைத் தமிழில் எழுதுவது நிம்மதி.

இரண்டாவது, தலைப்புகளின் முகவரி. கையேட்டை இணையப் பக்கமாகவும் வெளியிடுகிறோம், மார்க்டவுனை அப்படி மாற்றித் தரும் எம்கேடாக்ஸ் வழியாக. அது ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு முகவரி தரும், நேராக அந்தத் தலைப்பிலேயே போய் இறங்கலாம். ஆங்கிலத் தலைப்பு என்றால் சொற்களை வைத்தே முகவரி உருவாகும். இயல்பான அமைப்பில் தமிழ் எழுத்துகளை அது தூக்கி எறிந்துவிட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டுவிடும். பெட்டியின் மூடியில் க்யூஆர் குறி அச்சிட்டு டிரை ரன் பகுதிக்கு இணைத்திருந்தோம். அதற்கு மேலே புதிதாக ஒரு தலைப்பு சேர்த்ததும் எண் நகர்ந்தது, ஏற்கெனவே விற்ற பெட்டிகளின் குறி வேறு பகுதிக்குப் போய் நின்றது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடுக்கென்று இருக்கும் அமைப்பைப் போட்டுப் பார்த்தேன். அதுவும் உதவவில்லை. எம்கேடாக்ஸ் எழுதப்பட்ட பைத்தான் நிரல்மொழியில் 'சொல்லுக்குரிய எழுத்து' எது என்று தேடும் முறை, உயிர்மெய்யின் கொம்பு, கால், புள்ளியை எழுத்தாகவே எண்ணுவதில்லை. "தமிழ்" என்பது "தமழ" ஆகிவிடும். கடைசியில் ஒவ்வொரு தலைப்புக்கும் கையாலேயே ஒரு முகவரி எழுதி வைத்தேன். இப்போது எந்தத் தலைப்பு நகர்ந்தாலும் க்யூஆர் குறி சரியான இடத்துக்கே போகிறது.

மூன்றாவது இன்னும் நுட்பமானது. "மோட்டார்" என்ற சொல்லில் வரும் "மோ"வை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் அந்த ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், இரட்டைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய பத்திகளில் இரண்டாவது வகை எங்களிடம் நிறைய இருந்தது. எல்லாத் தேடு கருவிகளும் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்வதில்லை. "மோட்டார்" என்று தேடி மாற்றினால் சில இடம் மாறும், சில இடம் தப்பும். எளிய உரைக் கோப்பாக இருந்ததால், எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் சிறு பைத்தான் நிரல் எழுதி, ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் ஓடும்படி வைத்துவிட்டோம். நான்கு வரிக்கு மேல் இல்லை. வேர்டு கோப்புகளில் இதைச் செய்வது இவ்வளவு எளிதல்ல.

ஆனால் "கௌ"வுக்குப் பதில் "கெ", "ள" என்று தட்டியிருந்தால் இந்த நிரலால் பிடிக்க முடியாது, ஏனென்றால் "ள" அங்கே முழு எழுத்து. கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் கெளுத்தி மீனும் மாறிவிடும். அதைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும். எழுத்துப்பிழைக்கு, நீச்சல்காரன் உருவாக்கிய வாணி என்ற பிழைதிருத்தியில் பக்கத்தை ஒட்டிப் பார்க்கிறேன், தொழிற்சொற்களைத் தவிர மற்றவற்றில் நன்றாக உதவுகிறது.

மார்க்டவுனின் பலவீனங்களையும் சொல்ல வேண்டும். கட்டங்களை இணைத்த அட்டவணை அதில் இல்லை, இணையப் பக்கங்களின் குறிமொழியான ஹெச்டிஎம்எல்லில்தான் எழுத வேண்டும். எங்கள் பிழை விளக்க அட்டவணை இன்றும் அப்படித்தான் இருக்கிறது, பார்க்கவே அழகில்லை. அதைவிடப் பெரியது, சர்வீஸ் அண்ணனால் கிட்டைத் தொட முடியாது. கைகளின் கணக்கில் இது கூகுள் டாக்ஸைவிடப் பின்தங்கியது.

அச்சகம்

ஒப்பீடுகளில் காணாமல் போகும் ஒரு கை இது. தமிழ்நாட்டில் பல அச்சகங்களில் பக்கம் வடிவமைக்க இன்றும் பேஜ்மேக்கரும் கோரல்டிராவும்தான். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7, 2001-இல் வந்தது. அதில் யூனிகோடு தமிழ் ஓடாது. தமிழ்நாடு அரசு 2010-இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது என்றாலும், அச்சகத்தில் டெக்ஸ்டைக் கொடுத்தால் அவர்கள் அதை எழுத்துரு மாற்றும் மென்பொருளில் போட்டு, பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவுக்குக் கொண்டுபோவார்கள். மாற்றும்போது இடையில் இருக்கும் ஆங்கிலச் சொற்களும் எண்களும் குழம்பும். 415 வோல்ட் என்பது வேறு ஏதோ ஆகிவிட்டால் அது எழுத்துப்பிழை அல்ல, ஆபத்து.

அதனால் எந்தக் கருவியைத் தேர்ந்தெடுத்தாலும் அச்சகத்துக்கு டெக்ஸ்டைக் கொடுக்காதீர்கள். எழுத்துருவை உள்ளே பதித்த பிடிஎஃப்பைக் கொடுங்கள். வேர்டிலும் கூகுள் டாக்ஸிலும் இது இரண்டு சொடுக்கு. மார்க்டவுனிலிருந்து பிடிஎஃப் வர, கோப்பின் வடிவத்தை மாற்றும் பாண்டாக் வேண்டும். பெர்க்லியில் தத்துவம் கற்பிக்கும் ஜான் மெக்ஃபார்லேன் 2006-இலிருந்து உருவாக்கிவரும் இலவசக் கருவி இது. பின்னால் ஸீடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருள் ஓடி, நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவோடு பிடிஎஃப் தரும். முதல் முறை அமைக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. அதற்கப்புறம் ஒரு கட்டளைதான்.

மற்றவை

மார்க்டவுனைப் போலவே இன்னொரு எழுதும் முறையான ஆஸ்கிடாக், மார்க்டவுனைவிடக் கையேட்டுக்குப் பொருத்தமானது என்று நேர்மையாகவே நினைக்கிறேன். கட்டங்களை இணைத்த அட்டவணை, எச்சரிக்கைப் பெட்டி, கோப்பை உள்ளே இழுப்பது எல்லாம் கூடவே வருகின்றன. எங்கள் மென்பொருள் பையன்களுக்கு ஏற்கெனவே மார்க்டவுன் தெரிந்திருந்தது, அதனால் இதற்குப் போகவில்லை. புதிதாகத் தொடங்குபவர்கள் யோசிக்கலாம்.

டிடா என்ற ஆவண வடிவம் ஐபிஎம்மில் பிறந்து, 2005-இல் ஓயாசிஸ் என்ற தர அமைப்பின் தரமானது. பத்து மொழிகளில் ஆயிரக்கணக்கான பக்கம் வெளியிடும் நிறுவனங்களுக்கானது. ஃபிரேம்மேக்கர், மேட்கேப் ஃபிளேர் போன்றவையும் அந்த அளவுக்கானவைதான். அந்த வேலைக்குப் போக விரும்புகிற தொழில்நுட்ப எழுத்தாளர் கற்றுக்கொள்ளலாம், சிறு நிறுவனம் தொட வேண்டாம்.

குழுவாகக் குறிப்பு எழுதும் இணையச் சேவையான கான்ஃப்ளூயன்ஸ் பத்துப் பேர் வரை இலவசம், உள்ளுக்குள் குறிப்புகள் வைக்க நல்லது. ஆனால் சொந்தக் கணினியில் நிறுவும் சர்வர் பதிப்புக்கு 2024 பிப்ரவரியில் ஆதரவை நிறுத்திவிட்டார்கள். இந்த மாதிரி எதிலும் நுழையும் முன், எழுதியதையெல்லாம் எப்படி வெளியே எடுப்பது என்று செய்து பார்த்துவிடுங்கள்.

நாங்கள் முடிவு செய்தது

மூலம் மார்க்டவுனில், கிட்டில். வரைவும் சர்வீஸ் ஆட்களின் கருத்தும் கூகுள் டாக்ஸில். புதிய பகுதி ஒன்று எழுதினால் முதலில் டாக்ஸில் போட்டுப் பத்து நாள் திறந்து வைக்கிறேன். கருத்துகள் வந்து அடங்கியதும் மார்க்டவுனாக இறக்கிக்கொள்கிறேன். 2024 ஜூலை முதல் கூகுள் டாக்ஸே அந்த வடிவில் கொடுக்கிறது. இறக்கியவுடன் டாக்ஸ் கோப்பைப் பூட்டி, மேலே "இது முடிந்தது, திருத்தம் இருந்தால் வாட்ஸப்பில் சொல்லுங்கள்" என்று எழுதிவிடுகிறேன். பூட்டாவிட்டால் மூலம் இரண்டாகிவிடும். வாட்ஸப்பில் வரும் திருத்தத்தை அன்றைக்கே கிட்டில் ஏற்றுவது என் பொறுப்பு. நான் விடுப்பில் இருந்தால் மென்பொருள் பக்கத்தில் ஒரு தம்பி பார்த்துக்கொள்கிறார். அப்படி இரண்டாவது ஆள் இல்லாத இடத்தில் இந்த ஏற்பாட்டை நான் சொல்ல மாட்டேன். அங்கே ஒழுங்காக ஸ்டைல் போட்ட வேர்டோ கூகுள் டாக்ஸோ போதும்.

உங்கள் இடத்துக்கு எது என்று பார்க்க, கையேட்டிலேயே தொல்லை பிடித்த ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டவணையும் படமும் ஆங்கிலம் கலந்த தமிழும் இருக்கிற பக்கமாக இருக்கட்டும். நினைக்கிற ஒவ்வொரு கருவியிலும் அதை ஏற்றுங்கள். வெளியில் வேலை பார்க்கிற ஒருவரைக் கைப்பேசியில் ஒரு திருத்தம் சொல்லச் சொல்லுங்கள். அது பிடிஎஃப்பில் வந்து சேரும் வரைக்கும் எத்தனை பேர் கை பட்டது என்று எண்ணுங்கள். அந்தப் பிடிஎஃப்பிலிருந்து ஒரு தமிழ் வரியை நகலெடுத்து வேறெங்காவது ஒட்டிப் பாருங்கள், கொம்பும் காலும் இடம் மாறி விழுகிறதா என்று தெரியும். பிறகு அதை உங்கள் அச்சகத்துக்கு அனுப்பி ஒரே ஒரு தாள் எடுத்துத் தரச் சொல்லுங்கள். எங்களுக்கு இதற்கு இரண்டு மதியம் ஆனது.